நலங்குப் பாட்டின் நாலாவது அடி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. மற்ற இரண்டும் செத்துப்போன என் தம்பி விட்டுப்போன பிள்ளைகள். ஐந்தில் ஒன்றுகூட சோடை போகவில்லை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்லச் சொல்ல மகன் வீட்டுப் பேத்தி எழுதுகிறாள்.

வல்லக்கோட்டைக்கும் குன்றத்தூருக்கும் நடுவில் எந்தக் கல்யாணமானாலும் நலங்குக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். பொண்ணையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து, சந்தனம் பூசி, தேங்காய் உருட்டும்போது, பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் கேலி செய்து பாட வேண்டும். ஒரு அடி என்றால் இரண்டு வரி, சிரிப்பு அடங்க அடங்கத் திருப்பித் திருப்பிப் பாடுவோம். என் பெரிய மகள் கல்யாணத்தில் நான் கை தட்டிப் பாடிய நாலு அடிக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. கொட்டகையே சிரித்தது. அதை வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம்.

இப்போது அந்த மகளுடைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அத்தை குன்றத்தூர்க்காரி. என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தவள். போன் செய்தாள்.

"அன்னிக்கிப் பாடுனீங்களே, அந்த நாலு அடியையும் பாடணும். நாலாவதுக்கு மட்டும் பதில் வச்சிகினு வரேன்."

"வா வா, வாய மூடிகினு போறதுக்குத்தான வர," என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பாடிப் பார்த்தேன். மூன்று அடி வந்தது. நாலாவது வரவில்லை. அடுப்படியில், குளிக்கிற இடத்தில், எங்கே பாடிப் பார்த்தாலும் மூன்றோடு நின்றது. எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு ஏது? நலங்குக்கு ஒன்பது நாள் இருந்தது. மறந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. "கேசட்ட பாக்கணும் போல கீது" என்று மட்டும் மகனிடம் சொன்னேன்.

கேசட் போடுகிற மெஷின் இப்போது யாரிடமும் இல்லை. எங்கள் டிவி பழசு, அதோடு ஒரு டிவிடி பிளேயர் உண்டு. ஒரகடம் கூட்டுரோட்டில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் கேசட்டை டிவிடியாக மாற்றிக் கொடுத்தார். வீட்டில் போட்டால் படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் இல்லை. என் வாய் அசைகிறது, கொட்டகை சிரிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் டிவிடி பிளேயரைக் கூடையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். கடையில் கம்பெனி கேட் பாஸுக்குப் போட்டோ எடுக்க ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"கம்ப்யூட்டர்ல நல்லா கேக்குதே ஆயா," என்றார் கடைக்காரர்.

"உன் கம்ப்யூட்டரா என் வூட்டுக்கு வரப் போவுது? இதுல போடு," என்று பிளேயரை மேஜைமேல் வைத்தேன்.

போட்டார். ஊமைப்படம். கம்ப்யூட்டர் படிக்கிற சத்தம் ஒரு வகை, இந்தப் பழைய பிளேயர் படிக்கிறது வேறு வகை, மாற்றித் தருகிறேன் என்றார்.

இரண்டு நாள் கழித்து வந்த டிவிடியில் சத்தம் வந்தது. நான் கை தட்டுகிறேன், ஆனால் என் வாயிலிருந்து சினிமாப் பாட்டு வருகிறது! நேராகப் போய்க் கேட்டேன்.

"நலங்கு சீனுக்கு எல்லாரும் இதத்தான் ஆயா கேப்பாங்க. உள்ள ஒரே கூச்சல், பொம்பளைங்க சத்தம். அதான் எடுத்துட்டு ஒரு சூப்பர் பாட்டு போட்டேன்."

"அந்தப் பொம்பள நான்தான்யா."

நின்றிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கு முகம் செத்துப்போயிற்று. நலங்கை மட்டும், பாட்டுத் தொடங்குகிற இடத்திலிருந்து பத்து நிமிடம் வெட்டி, என் பாட்டோடே போட்டுத் தந்தார்.

அதிலும் கோளாறு. என் குரல் ஆம்பிளைக் குரலாகக் கட்டையாக இழுத்தது. மூன்று அடி முடிந்து, நாலாவது தொடங்கப் போகிறது, அதற்குள் படம் முடிந்து சத்தமும் அறுந்துவிட்டது. நலங்குக்கு மூன்றே நாள். மறுபடியும் கடைக்குப் போனேன்.

"பழைய கேசட் இல்லியா, அப்பிடித்தான் கீது. ஒங்க வயசு கொரலு ஆயா," என்று சிரித்தார்.

"அப்ப எனக்கு வயசு நாப்பத்தஞ்சி. என் கொரலு எனக்குத் தெரியாதா? ஒரு அடிக்குப் பன்னண்டு தட்டு தட்டுவேன். படத்துல என் கைய நீ எண்ணு, சத்தத்த நான் எண்றேன்."

எண்ணினோம். அவருக்குப் பன்னிரண்டு, எனக்குப் பதினொன்று. மறுபடியும் எண்ணினோம். அதேதான். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் என்னவோ திறந்து பார்த்தார்.

"என் தப்புதான் ஆயா. கேசட்லேர்ந்து சத்தம் செகண்டுக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டா ஏறிகீது. நான் நாப்பத்திநாலாயிரத்தி நூறுன்னு செட்டிங் வச்சிட்டேன். அதான் மெதுவா ஓடி, கடைசி ஒரு நிமிஷம் வெளிய விழுந்துடிச்சி."

"விழுந்தத எடுத்து உள்ள வையி."

உட்கார்ந்திருந்து வாங்கினேன். அங்கேயே என் பிளேயரில் போடச் சொன்னேன். கையும் தட்டும் ஒன்றாக விழுந்தன. நாலாவது அடி கணீரென்று வந்தது:

*பத்து வெரலுக்கும் மோதரம் கேட்டாரு மாப்பிள்ள*
*பாத்திரம் தேய்க்க வெரலு மிச்சம் வச்சாரா மாப்பிள்ள*

ஆனால் படத்தில் என் வாய் அசையவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் நிற்கிற என் ஓரகத்தி, என் கொழுந்தன் பெண்சாதி, அவள் வாய்தான் அசைகிறது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவள்தான். நான் பாடவே இல்லை. பாடாதது எப்படி ஞாபகத்துக்கு வரும்? ஊரெல்லாம் இருபத்தேழு வருஷமாக என்னைப் புகழ்ந்தது, நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஓரகத்தி வல்லம் வடகாலில் மகன் வீட்டில் இருக்கிறாள். கடையிலிருந்து அங்கேதான் போனேன்.

"மோதரம் அடிய நீதானேடி பாடுன?"

"இன்னாக்கா, இப்ப வந்து கேக்கற?"

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நான்தான் பாடுனேன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்த. கல்யாண வூட்டுல எதுக்கு வம்புன்னு வுட்டுட்டேன். அப்பறம் பழகிப்போச்சி."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம நலங்குக்கு வந்து எம் பக்கத்துல நில்லு," என்றேன்.

வெள்ளிக்கிழமை மூன்று அடியை நான் பாடினேன். பாடி முடித்ததும் கையை உயர்த்தி, "நாலாவது இவளோடது, அன்னிக்கும் இவதான் பாடுனா," என்று எல்லார் காதிலும் விழச் சொன்னேன். ஓரகத்தி பாடினாள். குன்றத்தூர்க்காரியும் பதில் வைத்தாள், நல்ல பதில்தான். அடுத்த கல்யாணத்தில் அவளைப் பார்த்துக்கொள்கிறோம், நாங்கள் இரண்டு பேரும்.

என்ன, பேனாவை மூடுகிறாய்? ஓரகத்தி பாடினாள் என்று நான் சொன்ன இடத்தையெல்லாம் அப்படியே எழுதினாயா, ஆயாவுக்காகப் பார்த்து விட்டுவிட்டாயா? முதலிலிருந்து படி, கேட்கிறேன்.