மாமாவின் தங்கச் சிட்டு

1943 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணிக்குத் தங்கச் சிட்டு இறந்தது. அது தோக்கியோ நேரம். ஜப்பானியர் வந்தபின் கடிகாரங்கள் முன்னே ஓடின, சூரியன் மட்டும் பழையபடி நான்கு மணிக்குரிய இடத்திலேயே நின்றது. எனக்கு அப்போது எட்டு வயது.

எங்கள் ஊரான பிரிக்பீல்ட்ஸின் மேட்டுப் பங்களாவிலிருந்து ஜப்பானியருக்கு அஞ்சித் தப்பியோடிய வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுச் சென்ற சீமைப் பறவை அது. அவளிடம் வேலை பார்த்த என் தாய்மாமாவை, பங்களாவில் குடியேறிய ஜப்பானிய அதிகாரி பறவையைக் கவனிக்க மட்டும் வைத்துக்கொண்டார். வேலையில்லாத ஆண்களை லோரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்த காலம். போனவர்களில் திரும்பியவர் அரிது. கையில் அடங்கும் ஒரு பறவைதான் மாமாவைக் காப்பாற்றி வந்தது என்பது மிகையன்று.

அதன் முகம் செக்கச்சிவப்பு. தலையில் கறுப்பும் வெள்ளையும். உடல் தவிட்டு நிறம். பிறகு ஏன் தங்கம் என்று ஒருமுறை கேட்டேன். "றெக்கையை விரிக்கட்டும், பாரு" என்றார் மாமா. கரிய சிறகின் குறுக்கே பளீரென்று ஒரு மஞ்சள் பட்டை. 'கோல்ட்ஃபிஞ்ச்' என்ற ஆங்கிலப் பெயரின் முற்பாதியான பொன் அந்தப் பட்டையிலிருந்து வந்தது என்பதையும், பிற்பாதி பறவைக் குரலை ஒட்டிப் பிறந்ததாகக் கருதப்படுவதையும் பின்னாளில் அகராதியில் படித்தேன்.

அதிகாரி கிள்ளான் நகருக்குப் போயிருந்தார், மறுநாள் திரும்பிவிடுவார். மாமா வெறுங்கூண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, இருட்டுவதற்குள் ஒரு சிட்டுக்குருவியைப் பிடித்துவிட்டார்.

"அக்கா, கொஞ்சம் குங்குமம் குடு. மஞ்சளும் வேணும்."

"ஏன்டா, குருவிக்குக் கல்யாணமா?" என்றார் அம்மா.

"எனக்குச் சயாம் வேணாம்லா. அதுக்குத்தான்."

அம்மா அதன்பின் சிரிக்கவில்லை. சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழையே எடுத்து வந்தார். நான் குருவியைப் பிடித்துக்கொண்டேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடத்தது. மாமா அதன் முகத்தில் குங்குமத்தைக் குழைத்துப் பூசி, சிறகில் விளக்குக்கரியும் நடுவே மஞ்சளும் தீட்டினார்.

"துரைசாணியே வந்தாலும் ஏமாந்துடுவா."

நானும் நம்பினேன். குருவிகள் குளிக்கும் என்பதை எங்கள் மூவரில் ஒருவரும் நினைக்கவில்லை.

மறுநாள் மாலை மாமா வெறுங்கையோடு வந்தார். அதிகாரியின் கண்ணெதிரே குருவி தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குளித்திருக்கிறது. தண்ணீர் ஆரத்தித் தட்டாய்ச் சிவந்துபோனதாம்.

"அடிச்சானாடா?"

"இல்லக்கா. விழுந்து விழுந்து சிரிச்சான். 'பாகுஸ், பாகுஸ்', நல்லாருக்கு நல்லாருக்குன்னு தோளைத் தட்டினான். நாளையிலேர்ந்து வர வேணாம்னுட்டான்."

அடி விழவில்லை என்பதில் எனக்கு ஏக மகிழ்ச்சி. அம்மா மாமாவின் இரண்டு சட்டைகளையும் துவைத்துக் காயப்போட்டார்.

அந்த வாரமே லோரி வந்தது. மூன்று மாத வேலை என்றார்கள். மாமா லோரியின் பின்புறமிருந்து கையசைத்தார்; தெருவே பார்க்க, நானும் பெருமையாக அசைத்தேன்.

மறுநாள் காலை தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். மாமா மூன்று மாதத்தில் வந்துவிடுவார், அதுவரை அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று, வாசற் காவலாளியிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு வந்தேன்.