மாமா தேர்ந்தெடுத்த கார்ப்பெட்

வில்லாபுரத்தில் வீடு வாங்கிய புதிதில் எனக்கு ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. ஹாலில் ஒரு கார்ப்பெட் போட வேண்டும். நான் வளர்ந்தது தல்லாகுளத்தில், ஒற்றை அறை வாடகை வீட்டில். பாயை விரிப்பதும் சுருட்டி மூலையில் சாத்துவதுமாகவே அங்கே காலம் போனது. சுருட்டவே வேண்டாத, எப்போதும் அதே இடத்தில் கிடக்கிற ஒரு விரிப்பு என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மாசி வீதிப் பக்கம் ஒரு கடைக்குத் தனியாகப் போய் வாங்கிவந்தேன். ஐந்தடிக்கு மூன்றடி. சந்தன நிறம். விரல் புதைகிற அளவுக்குப் பொசுபொசுவென்று இருந்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் போட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊரு புழுதிக்கு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்த வாரமே என் மாமனார் கண் ஆபரேஷனுக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார். உசிலம்பட்டிப் பக்கம் அவர் ஊர். மாமியார் இறந்த பிறகும் தனியாகத்தான் இருக்கிறார். இரண்டு ஆடு, அரை ஏக்கர் நிலம். இடது கண்ணில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் எங்களோடு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே கவனித்தேன். மாமா கார்ப்பெட்டை மிதிக்கவில்லை. அறையிலிருந்து வாசலுக்குப் போகும்போது அதைச் சுற்றிக்கொண்டு போனார். கருப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தடுமாறி விலகிப் போகிறார் என்றுகூட நினைக்க முடியவில்லை. ஒரு விரல்கூட அதன் ஓரத்தில் படவில்லை. அவ்வளவு துல்லியமாகச் சுற்றினார்.

அவருக்கு இது பிடிக்கவில்லை, வீண்செலவு என்று நினைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் ஒரு அற்பத்தனம் செய்தேன். கூட்டுகிற சாக்கில் கார்ப்பெட்டை இழுத்து, அவர் அறை வாசலுக்கு நேரே குறுக்காகப் போட்டேன். இப்போது எப்படிப் போகிறார் பார்ப்போம் என்று அடுப்படியில் நின்றேன்.

மாமா வந்தார். நின்றார். பிறகு சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, முகத்தைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து கடந்தார். ஆபரேஷன் ஆன கண்ணோடு. அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன்.

"மாமா, விழுந்துருந்தா என்ன ஆகுறது? மிதிச்சுட்டுப் போக வேண்டியதுதான?"

"காலு அழுக்கா இருக்கும்த்தா. வெள்ளையா கெடக்குல்ல, கறை பட்ரும்."

அவர் கால் அழுக்காக இல்லை. அப்போதுதான் கழுவி ஈரமாக இருந்தது. நான் கார்ப்பெட்டைச் சுருட்டிப் பரணில் ஏற்றினேன். அவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்ததும் மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மாமா ஹாலைப் பார்த்துவிட்டு, "எங்கத்தா அதைக் காணோம்?" என்றார்.

"எடுத்துட்டேன் மாமா. உங்களுக்குத்தான் பிடிக்கலையே."

"யாரு சொன்னா பிடிக்கலைன்னு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"பண்ணை வீட்ல விசேஷம்னா ஜமுக்காளம் விரிக்கிறது என் வேலைதான். பதினெட்டு இருவது ஜமுக்காளம் இருக்கும். தோள்ல தூக்கிட்டு வந்து விரிப்பேன். ஆனா அதுல நம்ம காலு படக் கூடாது. அதனால விரிச்சுக்கிட்டே பின்னாடி பின்னாடி போகணும். கடைசி முனைக்கு வாரப்ப நாம வெறுந்தரையில நிக்கணும். அப்படிப் பழகிருச்சு."

"உக்காந்ததே இல்லையா மாமா?"

"எங்குட்டு உக்கார? எல்லாரும் எந்திரிச்சுப் போனப்பறம் மடிக்கிறப்ப தொடுவேன். வெதுவெதுன்னு இருக்கும். அம்புட்டுப் பேரு உக்காந்த சூடு."

என் கணவர் டிவியை அணைத்தார். அப்பா பண்ணை வீட்டில் வேலை பார்த்தார் என்பது அவருக்குத் தெரியும். இது தெரியாது. தனக்கு முப்பத்தாறு வயதாகியும் அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மாமா டம்ளரை மறுபடி கையில் எடுத்தார். "ஆனா ஒண்ணுத்தா. நீ வாங்குனது சின்னது. இம்புட்டுப் பெரிய ஹாலுக்கு அது பத்தாது. கைக்குட்டைய விரிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்கும் முதல் நாளே தோன்றியதுதான். ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை.

மாமா எழுந்து, ஒரு பாதத்தின் முனையில் அடுத்த பாதத்தை வைத்து ஹாலை அளந்தார். பழைய செய்தித்தாள்களைக் கேட்டு வாங்கி, தரையில் பக்கம் பக்கமாகப் பரப்பச் சொன்னார். சோபாவின் முன்கால்கள் இரண்டும் தாள்மேல் ஏறுகிற வரைக்கும் பரப்பினோம். "இம்புட்டு வேணும்" என்றார். எட்டடிக்கு ஆறடி வந்தது.

வாங்கிப் பதினைந்து நாள்கூட ஆகாததால் கடையில் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். மாமாவுக்குக் கண் காட்டப் போன அன்றே, ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேரும் நேரே கடைக்குப் போனோம். விற்பனையாளருக்கு நாற்பது வயதிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு விரித்துப் போட்டுவிட்டு, அவற்றின்மேல் வெறுங்காலோடு இங்குமங்கும் நடந்தபடியே விலை சொன்னார். மாமா கார்ப்பெட்டைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொசுபொசுன்னு இருக்கிறது வேணாம்க்கா. மண்ணு உள்ள போய் ஒக்காந்துக்கும். இந்த மாதிரி குட்டை முடியா எடுங்க, கூட்டுறது சுலபம்" என்றார் அவர். அடியில் வழுக்காமலிருக்க ஒரு ரப்பர் வலையும் தருவதாகச் சொன்னார்.

மாமா குனிந்து ஒரு மூலையைப் புரட்டி, பின்பக்க நெசவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்தக் கார்ப்பெட் செங்கல் நிறம். சுற்றிலும் பட்டையாகக் கருப்புக் கரை.

"மேல ஏறி நில்லுங்கண்ணே, அப்பத்தான் தெரியும்" என்றார் விற்பனையாளர்.

மாமா என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் ஏறினேன். கணவர் அப்பாவின் முழங்கையைப் பிடிக்கப் போனார். மாமா வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து வலது காலை வைத்தார். பிறகு இடது கால்.

"எப்படி இருக்கு மாமா?"

"கூசுது."

விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். விற்பனையாளர் பக்கத்தில் நீலத்தில் ஒன்று, சாம்பல் நிறத்தில் ஒன்று என்று விரித்துக் காட்டினார். எனக்குச் சாம்பல் நிறம் மிகவும் பிடித்திருந்தது. எங்கள் சோபாவுக்கு அதுதான் பொருந்தும். திரும்பிப் பார்த்தேன். மாமா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"இதையே கட்டிருங்க" என்றேன்.

"உனக்கு அந்தக் கருப்புக் கரை பிடிச்சிருக்கா?" என்று கணவர் காதோரம் கேட்டார்.

"இல்ல. பரவால்ல."

வீட்டுக்கு வந்ததும் மாமாதான் விரித்தார். குனியக் கூடாது என்று சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. ரப்பர் வலையை நான் போட்டேன். அவர் சுருளை உருட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார், வெறுந்தரையில். கணவர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "அப்பா, மேலேயே நின்னு விரிங்கப்பா. நம்ம வீடுதான."

"பழக்கம்டா" என்று சிரித்தார் மாமா. ஆனாலும் கடைசிவரை பின்னால் நகர்ந்தேதான் விரித்து முடித்தார். ஒரு சுருக்கம் இல்லை. சோபாவைத் தூக்கி முன்கால்களை ஏற்றி வைத்ததும் ஹால் அகலமாகிவிட்ட மாதிரி இருந்தது.

மத்தியானம் சோறு வடித்துவிட்டுக் கூப்பிடப் போனேன். மாமா கார்ப்பெட்டின் நடுவில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் ஆன பக்கம் சாயக் கூடாது என்பதால் வலது பக்கமாகச் சரிந்து, கையைத் தலைக்கு வைத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பவில்லை. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். கணவரும் நானும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து, பாத்திரச் சத்தம் வராமல் சாப்பிட்டு முடித்தோம்.