கோயில் மரத்து மணிக்கயிறு

எங்கள் அம்மா கோயில் மரத்தில் ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பொம்பளை மரம் ஏறினாலே எங்கள் மலையில், தேவனூர் நாட்டில், அது ஒரு வாரத்துப் பேச்சு. சாமிக்குக் கட்டியதை அவிழ்க்க ஏறினாள் என்றால் கேட்கவா வேண்டும். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. எனக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயது.

எல்லாம் ஒரு மணிக்கயிற்றால் வந்த வினை. எங்கள் மலையில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் முற்றி வயிறு வீங்கிப்போன பிள்ளைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஊசி என்றதும் அதுகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அங்கிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு ஊசி போட்டுக்கொண்டால் ஒரு களிமண் மணி. அழுதாலும் மணி உண்டு. அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மணி செய்து கொடுத்தவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். கூலி கிடையாது, யாரும் கேட்டதும் இல்லை. சாமை அறுப்பு முடிந்த ஓய்வில் ஆஸ்பத்திரிப் பலாமரத்தடியில் கூடி உட்காருவார்கள். ஓடைக் களிமண்ணை உருட்டி, ஈர்க்குச்சியால் துளை போட்டு, காயவைத்து, உமித் தணலில் சுட்டெடுப்பார்கள். வாய் பாட்டுக்கு ஊர்வம்பு பேசும், கை பாட்டுக்கு உருட்டும். அம்மா தன் மணிகளில் நகத்தால் ஒரு கோடு கீறிவிடுவாள். கோடு போட்ட மணிதான் வேண்டுமென்று பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என் மாமா மகள். தாயில்லாதவள், என்னைவிடச் சின்னவள். அவள் கயிறு நீண்டுகொண்டே போனதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் ஒரு காய்ச்சல் வந்து தொலையக்கூடாதா என்று வேண்டிக்கொண்ட புத்திசாலி நான்.

பாதி ஊசியிலேயே அவளுக்குக் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிப் பிள்ளைக்குச் சாமி பேரைச் சொல்லி மணிக்கயிறு கட்டுவார்கள். நோய் போனதும் தகப்பன் அதை அறுத்துக் கோயில் மரத்தில் கட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் பிள்ளைக்கு மருந்து கொடுத்தால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடும். மணிக்கயிறு என்றால் மாமாவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். மகளைத் தூக்கி வந்தார், அரிவாளால் கயிற்றை அறுத்தார், கோயில் நாவல் மரத்தின் உச்சிக்கிளையில் கட்டினார், ஊருக்கே பொங்கல் போட்டார். நானும் வயிறுமுட்டத் தின்றேன்.

மறுநாள் நர்ஸம்மா தேடிக்கொண்டு வந்தார். நடந்ததைக் கேட்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காய்ச்சல் ஒளிந்திருக்கிறது, போகவில்லை. திரும்பி வந்தால் பிள்ளை தாங்காது" என்றார்.

"கயிறு அறுத்தாச்சுங்க தாயி. இனி ஊசி ஆகாதுங்க" என்றார் மாமா. அவரை அசைக்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அவளுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டித்துக்கொண்டது. அந்தச் சின்ன உடம்பு பாயோடு சேர்ந்து தூக்கிப்போட்டதைப் பார்த்து நான் அம்மாவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, பிள்ளை கைமீறிப் போகுது. ஆசுபத்திரிக்கு எடு" என்றாள் அம்மா.

"கயிறு கழுத்துல கெடந்தா நானே தூக்கிட்டு ஓடமாட்டனா அம்மிணி? சாமிக்குக் குடுத்துட்டனே" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அம்மா ராத்திரி முழுக்கப் பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மரத்தில் கட்டியதை எடுத்தவர்களுக்குக் கண் அவிந்துவிடும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவள் பாதி மரம் ஏறும்போது பூசாரி கற்பூரத் தட்டோடு விறைத்து நின்றார்.

"ஏனுங்க, யாராச்சும் அந்தப் பொம்பளைய எறக்குங்களே" என்றார். கூடியிருந்தவர்களில் ஒருவரும் மரத்தை நெருங்கவில்லை.

அம்மா உச்சிக்கிளையில் நின்று கோபுரத்தைப் பார்த்துப் பேசினாள். "நோவு போவல சாமி. எங்கண்ணன் அவசரப்பட்டுட்டாரு. கயித்த நான் எடுத்துக்கறேன். கண்ணு வேணும்னா என் கண்ண எடுத்துக்க. பிள்ளைய விட்டுரு."

என் அம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தன் கண்ணைக் கொடுத்துவிட்டாள்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து, அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு மாமா மகள் கழுத்தில் மாட்டினாள். மாமா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் பிழைத்தாள். மீதி ஊசியும் போட்டுக்கொண்டாள், மீதி மணியும் வாங்கிக்கொண்டாள்.

நான் தினமும் காலையில் அம்மா முகத்துக்கு நேரே விரல்களை விரித்து, எத்தனை என்று கேட்டேன். சலிக்காமல் சொன்னாள். கொஞ்ச நாளில் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. சாமி மன்னித்துவிட்டது, கதை முடிந்தது என்று விளையாடப் போய்விட்டேன்.

அதன்பிறகுதான் ஒருநாள் பகலில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடப்பதைப் பார்த்தேன். பிறகு மூடிய கண்ணோடே உட்கார்ந்து களிமண்ணை எடுத்து உருட்டினாள், ஈர்க்கை வைத்துத் துளை போட்டாள், நகத்தால் கோடு கீறினாள். கோடு சரியாக விழுந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள், கண்ணைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். இது ஏதோ புது விளையாட்டு என்று எனக்கு ஒரே குஷி. நானும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே மண்ணை உருட்டினேன்.