செபாஸ்தியக்காவுக்குத் துணை

திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு திசுப் பரிசோதனை லேபில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆஸ்பத்திரிகளில் அறுத்தெடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது செபாஸ்தியம்மாளின் வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்தார். கல்யாணம் ஆகவில்லை. அம்மா தவறியபின் மேட்டுப்பட்டியில் தனியாக இருந்தார். ஆத்தூரில் இருந்த தம்பியோடு பேச்சுவார்த்தை கிடையாது. அதனாலோ என்னவோ, வாய் திறந்தால் கழுத்தில் வரும் கட்டிகளைப் பற்றிய கதைதான். எனக்கு எரிச்சலாக வரும்.

"இந்தா பாரு புள்ள, இது சாதாக் கழலை. அறை அறையா இருக்கும், உள்ள ரோஸ் கலர்ல கூழு. அது புத்து. விரல் விரலா நீட்டிக்கிட்டு நிக்கும். ஒவ்வொரு செல்லோட கருவும் வெளிறிப்போயி காலியாக் கெடக்கும்."

மதுரையிலிருந்து வாரம் இருமுறை வரும் டாக்டர் பிராங்கிளின் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதும் அநேகமாக அதுவாகவே இருக்கும்.

1998 ஆகஸ்டில் அக்கா மூன்று நாள் லீவு போட்டார். திரும்பியபோது கழுத்தில் பிளாஸ்திரி. அவர் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த துண்டு அவருக்கு முன்பே பாட்டிலில் வந்து கிடந்தது. எங்களிடம் வேறு ஆள் இல்லை. தன் சதையைத் தானே சீவி, தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் எழுதிக் கொடுத்ததை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். புற்றுதான். அக்காவிடம் அவர் வேறு மாதிரி சொன்னார்.

"சாதாக் கழலைம்மா. வீட்ல யாரையாச்சும் வரச் சொல்லுங்க, மாத்திரை பத்திப் பேசணும்."

அது எங்கள் வழக்கம். நோயாளியிடம் புற்று என்று சொல்லமாட்டோம். கூட வந்தவரைத் தனியே கூப்பிட்டுத்தான் சொல்வோம்.

"சார், சீவுனதே நாந்தான். பாத்துட்டேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இது குணமாகுற வகைதாம்மா. மதுரையில பெரிய ஆபரேஷன் செய்யணும். கையெழுத்துப் போட, கூட இருக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். யார் வருவா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். காரணத்துக்கா பஞ்சம்? ஒருதரம் துணைக்குப் போனால் பிறகு சோறு, துணி, ஆஸ்பத்திரி எல்லாம் என் தலையில் விழும் என்று பயந்தேன். அதுதான் உண்மை. குனிந்து தாளை மாற்றினேன்.

"தம்பி வருவான் சார்," என்றார் அக்கா.

வரமாட்டான் என்று எனக்கும் தெரியும். திங்கட்கிழமை ஒரு பையோடு மதுரை பஸ்ஸில் தனியாக ஏறினார்.

குணமாகி வந்தார். அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் என் பக்கத்து மேஜையில்தான் வேலை பார்த்தார். ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அந்த ஆபரேஷன் ஃபாரத்தில் யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்க, கடைசிவரை எனக்கு வாய் வரவில்லை.