ஆபா திருப்பிக் கொடுத்த ஊசி

நான் பொய் சொன்னேன். வாய் தவறி வந்த பொய் இல்லை. தெரிந்தே சொன்னேன்.

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் கணவர் துரைராஜ். எங்கள் மகள் பிரின்சி. ஜோலார்பேட்டையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் சுகந்தி. பக்கத்து வீட்டு மும்தாஜ் ஆபா. ஆபாவின் மகள் ரேஷ்மா. இத்தனை பேருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு தட்டு, தட்டில் கேக்.

அந்தக் கேக்கில் ரம் இருந்தது. இல்லை என்று ஆபாவிடம் சொன்னேன்.

இவ்வளவுதானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன்... முடியவில்லை. மூன்று வருடமாக முடியவில்லை!

நான் எட்டாவதோடு நின்றவள். இதையெல்லாம் அழகாக எழுதத் தெரியாது. ஆனால் பயப்பட நன்றாகத் தெரியும். கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். பிரின்சி பள்ளியிலிருந்து பத்து நிமிடம் தாமதமானால் தெருமுனைக்குப் போய்விடுவேன். இப்படி ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு நிமிடத்தில் எப்படித் துணிந்தேன்? நீங்களே சொல்லுங்கள்.

ஆபா என்றால் அக்கா. ஆம்பூரில் எங்கள் தெருவில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஷூவின் மேல்தோலுக்குக் கைத்தையல் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும். இரண்டு வீட்டுக்கும் நடுவே பாய் போட்டு உட்கார்ந்து தைப்போம். பிறகு நான் கம்பெனிக்குள்ளேயே மிஷினுக்குப் போய்விட்டேன். அவர் வீட்டிலேயே தைத்தார். பன்னிரண்டு வருடம் தைத்த காசில் மெக்காவுக்கு உம்ரா போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு ஜோடி, இன்னொரு ஜோடி... விரலில் தோல் உரிந்து போயிருக்கும். துணி சுற்றிக்கொண்டு தைப்பார்.

என் கணவர் குடியை விட்டதும் அவரால்தான். நான் அழுது பார்த்தேன், ஜெபம் பண்ணினேன், தாய் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ஆபா வாசலில் நின்று, “தொரை, உம் பொண்ணு என் வூட்டுல வந்து சாப்டுது. கேக்க எனக்கே பேஜாரா இருக்குது. உனக்கு எப்டிப்பா இருக்குது?” என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த வாரமே என் கணவர் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இனி ஒரு சொட்டு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று பிரின்சி தலையில் கை வைத்துச் சொன்னார். நானும் வைத்துச் சொன்னேன்.

நானும் வைத்துச் சொன்னேன்... அதை மறந்துவிடாதீர்கள்.

கேக் நான்தான் கலப்பேன். பேக்கரியில் கொடுத்து வேக வைத்து வாங்குவோம். எங்கள் சொந்தக்காரர்கள் பழத்தை ரம்மில் ஊற வைப்பார்கள். நான் திராட்சைச் சாற்றில் ஊற வைப்பேன், ஆபா வீட்டுக்காக. கடைக் கேக்கை அவர் தொடமாட்டார். என்ன போட்டிருப்பார்களோ என்று சந்தேகம். என் கேக்கை மட்டும் சாப்பிடுவார். “நம்ம கேக்கு” என்றுதான் சொல்வார்.

அதற்கு முந்தைய வருடம் என் கேக் மூன்றாம் நாளே பூஞ்சை பிடித்தது. சுகந்தி அண்ணி சும்மா இருப்பாரா? “எஸ்தரு கேக்கு பாலாட்டம், அன்னிக்கே குடிச்சிரணும்” என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நவம்பரில் அவரே ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்.

“ரெண்டு மூடி ஊத்துடி. பொங்கல் வரைக்கும் தாங்கும்.”

“அண்ணி, அவருக்குத் தெரிஞ்சா...”

“வெந்தா எல்லாம் போய்டும். என் தம்பிய எனக்குத் தெரியாதா? நீ வேற!”

வாங்கினேன். அரிசி டப்பாவுக்குள் ஒளித்தேன். இரண்டு கேக் செய்வது என்று திட்டம். ஒன்று எப்போதும் போல. மற்றது ரம் ஊற்றி, அண்ணி வீட்டுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும். நல்ல கேக் வந்த உடனே ஆபாவுக்கு அரைக் கிலோவை வெட்டித் தாளில் சுற்றி வைத்தேன். அதுவரை நான் ஒழுங்காகத்தான் இருந்தேன், சத்தியமாக!

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் லைன் சூப்பர்வைசர் குடும்பத்தோடு வந்துவிட்டார். எதிர்பார்க்கவே இல்லை. ஆர்டர் கம்மி, ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு இருந்த சமயம். நல்ல கேக்கில் மீதி இருந்ததெல்லாம் தட்டில் போய்விட்டது. அவர் மனைவி நன்றாக இருக்கிறது என்றார். உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆபாவுக்குச் சுற்றி வைத்திருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம்... ஆபாவுக்கு வேறு ஏதாவது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இருபத்தெட்டாம் தேதி, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எவ்வளவு நல்ல பகல் அது! கம்பெனி லீவு. முந்தின நாள் கறிக்குழம்பைச் சுண்ட வைத்துச் சாப்பிட்டிருந்தோம். பிரின்சி புதுப் பாவாடையை இரண்டாம் தடவையாகப் போட்டுக்கொண்டு முறுக்கு டப்பாவை மடியில் வைத்திருந்தாள். வாசலில் தொங்கும் ஸ்டாரில் பல்பு போய்விட்டதென்று என் கணவர் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிக்கொண்டிருந்தார். “புது வருஷம் வரைக்கும் எரியணும், இல்லன்னா உங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கமாட்டா” என்று என்னைக் கிண்டல் பண்ணினார். நானே சிரித்தேன். இப்படி ஒரு நாள் வீட்டில் இருக்குமா என்று ஏங்கியது போய், அது என் கையில் இருந்தது.

அப்போதுதான் ஆபாவும் ரேஷ்மாவும் வந்தார்கள்.

நான் முறுக்கை எடுக்கப் போனேன். அதற்குள் அண்ணி உள்ளே போய், இருந்த கேக்கை வெட்டித் தட்டில் கொண்டுவந்து ஸ்டூல் மேல் வைத்துவிட்டார். ஆபா ஒரு துண்டை எடுத்தார். வழக்கம் போலத்தான் கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, பாசத்தில் கேட்டார்.

“நம்ம கேக்குதானே, எஸ்தரு?”

அண்ணி என்னைப் பார்த்தார். என் கணவர் பல்பு மாட்டிய கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். ‘இல்லை ஆபா, இதில் ரம் இருக்கிறது’ என்று சொன்னால் ஆபா சிரித்துவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு அது பெரிதில்லை. ஆனால் என் கணவர்? பிரின்சி? ரம் எப்படி வந்தது, யார் கொண்டுவந்தது, தலையில் கை வைத்தாயே...

“நம்ம கேக்குதான் ஆபா. சாப்புடுங்க.”

சாப்பிட்டார். ரேஷ்மாவும் சாப்பிட்டாள்.

“இன்னாடி இது! இந்த வாட்டி ஜாஸ்தி ருசியா இருக்குதே! இன்னா போட்ட?”

“பழம்... கொஞ்சம் கூட, ஆபா.”

அவர் தன் துண்டில் பாதியைப் பிட்டு, “இந்தா தொரை, உம் பொண்டாட்டி கைக்கு வளையல் போடணும் நீ” என்று என் கணவரிடம் நீட்டினார். அவர் வாங்கி வாயில் போட்டார். தாடை நின்றது. ஒரு நொடி... அப்படியே வெளியே போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ தாங்கியிருப்பேன்.

ஆபா கை கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காகிதத்தில் குத்திய ஒரு ஊசி. தோல் தைக்கிற ஊசி.

“இது உன்துடி. நீ கம்பெனிக்குப் போறதுக்கு முன்ன உன்கிட்ட வாங்கினேன். குடுக்கவே இல்ல. பத்தாந்தேதி உம்ராவுக்குக் கிளம்புறேன், என் தம்பிகூட. அடுத்தவங்க பொருள வச்சிக்கினு அங்க போய் நிக்கக் கூடாது.”

“ஐயோ, ஒரு ஊசிக்கா ஆபா!”

“ஊசின்னா இன்னா, உன்துதானே?” என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இத்தன வருஷத்துல தெரிஞ்சோ தெரியாமயோ உம்மனசு நோவ ஏதாச்சும் பண்ணியிருந்தா, மாஃப் பண்ணிடு எஸ்தரு. மன்னிச்சிட்டேன்னு வாயால சொல்லு.”

பயணம் போகிறவர்கள் இப்படி வீடு வீடாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். எனக்குத் தெரியும். ஆனால் என்னிடமா! அந்த நேரத்திலா! அவர் உதட்டு ஓரத்தில் கேக்குத் தூள் ஒட்டியிருந்தது.

அப்போது சொல்லியிருக்கலாம். காலைப் பிடித்துச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“மன்னிச்சிட்டேன் ஆபா.”

மன்னித்துவிட்டேனாம்... நான்! அவரை!

அவர் போன பிறகு அண்ணி, “வெந்ததுல இன்னா இருக்கப் போவுது, வுடு” என்றார். என் கணவர் சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஸ்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் ரெண்டு வருஷமாத்தான் தொடல. அவங்க பொறந்ததுலேர்ந்து தொட்டதில்ல.” இன்றுவரை வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவர் குடிக்கவும் இல்லை. ஆனால் நான் எது கொடுத்தாலும் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறார். தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா... கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆபா போய் வந்தார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். “அங்க நின்னு உன் வூட்டுக்காகத் துவா கேட்டேன். தொரைக்காக, பிரின்சிக்காக” என்றார். அந்தத் தண்ணீர் பாட்டிலை நான் திறக்கவே இல்லை. பீரோவில் அப்படியே இருக்கிறது.

பெயர் சொல்லாமல் எங்கள் பாஸ்டரிடம் கேட்டேன். ஜெபியுங்கள் என்றார். கம்பெனியில் பக்கத்து மிஷின் பாத்திமாவிடம், யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். “தெரியாம சாப்ட்டா சாப்ட்டவங்க மேல குத்தம் இல்லக்கா. தெரிஞ்சு குடுத்தவங்க மேலதான்” என்றாள். அன்று கழிவறையில் போய் அழுதேன். ஆபாவுக்காக நிம்மதி. அப்படியானால் முழுவதும் என்மேல்தானே... அதில் ஒரு துளிகூடப் பங்கு போட ஆள் இல்லையே!

சொல்லிவிடு என்பீர்கள். சொன்னால் யாருக்கு லேசாகும்? எனக்குத்தான். பன்னிரண்டு வருடம் விரல் உரியத் தைத்துப் போய் வந்தவர், இதை வயிற்றில் வைத்துக்கொண்டா அங்கே நின்றேன் என்று ஒரு நிமிடம் நினைத்தால்? குற்றமில்லை என்று ஆயிரம் பேர் சொன்னாலும் அந்த ஒரு நிமிடத்தை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்? அதைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒளிகிறேனோ என்றும் தோன்றுகிறது. அதுவும் உண்மைதான். இரண்டும் உண்மை.

போன வருடம் ரேஷ்மாவுக்கு நிச்சயம் வைத்தார்கள். ஆபா வந்து என் கையில் மடித்த நோட்டு ஒன்றைத் திணித்தார். “கேக்கு நீதான் செய்யணும். நான் உம்ரா போறதுக்கு முன்ன சாப்ட்டேனே, அதே மாதிரி. அந்த ருசி இன்னும் நாக்குலயே நிக்குதுடி.”

கை வலி என்று சொன்னேன். இன்னொரு பொய். திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. “இருக்கட்டும். கை சரியானதும் செஞ்சு குடு” என்று போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேக்கே கலக்கவில்லை. பிரின்சி ஏன் என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

இன்று இருபத்தேழாம் தேதி. ஸ்டார் எரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆபா இருமுவது கேட்கிறது. இன்றோ நாளையோ வருவார், என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

அவர் திருப்பிக் கொடுத்த ஊசியை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அதே பெட்டியில், மடித்தது மடித்தபடி, நான் அவருக்குத் தர வேண்டிய நோட்டும் இருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்.