கமிஷன் அக்கா

மைக்கின் முன் உட்காருவதற்குள் அக்கா வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார். கிணுகிணுப்பு பதிவில் விழுந்தால் தட்டச்சர் அடைப்புக்குறிக்குள் 'சத்தம்' என்று அடித்துவிடுவாராம். பிறகு ஒரு மடக்கு வெந்நீர். இருமல் இருந்தால் அதையும் முன்கூட்டியே இருமி முடித்துவிடுவார்.

தனி ஆட்சி கேட்டு எங்கள் மாகாணம் கொதித்த ஒவ்வொரு முறையும் தலைநகரம் முதலில் படையை அனுப்பியது. பிறகு விசாரணைக் கமிஷனை அனுப்பியது. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து கமிஷன்கள். ஐந்திலும் எங்கள் பேச்சைத் தலைநகர மொழியில் பெயர்த்துச் சொன்னவர் இவர்தான். ஊருக்கே 'கமிஷன் அக்கா'. "நான் ஏதோ தரகு அடிக்கிறேன்னு வெளியூர்க்காரங்க நினைச்சுக்கறாங்க" என்று அவரே சிரிப்பார்.

சாட்சி 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். தொழில் விதி அது. அப்படி அவர் வீடு எரிந்த விவசாயியாக இருந்திருக்கிறார், கால் போன லாரி ஓட்டுநராக இருந்திருக்கிறார். "ஒரே நாள்ல மூணு தடவை விதவையாயிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கார்."

ஒருமுறை ஒரு சாட்சி, "எங்களை நாங்களே ஆளணும்" என்றார். தட்டச்சர் 'பிரிவினை கோரினார்' என்று அடித்தார். அக்கா நிறுத்தினார். "சார், அவர் அந்த வார்த்தையைச் சொல்லலை."

"அர்த்தம் அதுதானே?" என்றார் கமிஷன் தலைவர்.

"அர்த்தத்தை நீங்க பாத்துக்கங்க. வார்த்தை அவரோடது."

ஐந்தாவது கமிஷனின் கடைசி நாள், சாட்சி மேசைக்கு வந்து நின்றவர் அக்காவின் அம்மா. ஊர்வலம் போய்த் திரும்பிய தம்பியை வீட்டு வாசலிலேயே படை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா வரப்போவதாக மூச்சுவிடவில்லை. சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது சட்டம். உண்மையைச் சொன்னால் விசாரணை தள்ளிப்போகும். கமிஷனோ மறுநாள் காலை விமானம் ஏறுகிறது. அம்மா மகளை முன்பின் தெரியாதவரைப் போலப் பார்த்து, "நான் சொல்றதை அப்படியே சொல்லுங்கம்மா" என்றார்.

அப்படியே சொன்னார்.

"என் பையனை நாலு பேர் இழுத்தாங்க. நான் சட்டையைப் புடிச்சுக்கிட்டேன். பொத்தான்தான் கையில வந்துச்சு."

'என் பையனை' என்று தம்பியைச் சொல்லித் தலைநகர மொழியில் தொடங்கினார் அக்கா.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் மகள்தான் அம்மாவிடம் கேட்கவேண்டியிருந்தது.

"உங்களுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா?"

"இல்லைங்க. அவன் ஒருத்தன்தான்."

"எனக்கு வேறு பிள்ளைகள் இல்லை" என்றார் அக்கா மைக்கில், குரல் பிசகாமல்.

பதினான்கு மாதம் கழித்து வந்த அறிக்கை, மாகாணத்தில் நிலைமை பெரும்பாலும் இயல்பு என்றது. 'நாற்பத்தோராம் சாட்சியின் கூற்றுக்கு வேறு ஆதாரம் இல்லை' என்று ஒரு வரி. தம்பி பெயர் எங்கும் இல்லை.

"பேரு போடலைம்மா. உனக்கும் நம்பர்தான்" என்று அக்கா படித்துக் காட்டியிருக்கிறார்.

"நம்பராவது போட்டானே" என்றாராம் அம்மா.

"அம்மா அழுதிருந்தா தாங்கியிருப்பேன்" என்றார் அக்கா என்னிடம்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கினேன். "தாராளமா எழுதுங்க. நம்ம மொழியில எழுதினா கமிஷன்காரங்க எங்க படிக்கப் போறாங்க? அதையும் நான்தானே பெயர்த்துச் சொல்லணும்!"

போன வாரம் ஆறாவது கமிஷனை அறிவித்துவிட்டார்கள். நான் போனபோது அக்கா சாப்பாட்டு மேசையில் நியமனப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். எதிரே அம்மா. 'பாதிக்கப்பட்டோரில் தங்கள் உறவினர் எவரேனும் உண்டா?' என்ற இடத்தில் பேனா நின்றது.

"எழுதுடி" என்றார் அம்மா. "நீ போகலேன்னா வேற எவனாவது வந்து, நான் சொல்லாததை எல்லாம் சொன்னேன்னுவான்."

அக்கா 'இல்லை' என்று எழுதினார். மை காயும்வரை அந்த ஒரு சொல்லின் மேல் மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.