செவலைக்கு நான் வைத்த கொள்ளு

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓசூருக்குப் பக்கத்தில் மத்திகிரியில் நடந்தது இது. மகன் கம்பெனி வேலைக்கு வந்ததால் நானும் அவனோடு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டேன். அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். நாலு பேர் நின்று பேசினால் அந்தப் பக்கம் போகவே கூசும். ஆனால் எங்கள் ஊர் உத்தனப்பள்ளியில் மாடு கன்றோடு பழகிய கை, வீட்டில் சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஊருக்கு வெளியே, பெங்களூர்க்காரர்கள் தங்கள் குதிரைகளை விட்டு வைத்திருக்கும் ஒரு லாயத்தில், லத்தி அள்ளவும் புல் போடவும் சேர்ந்தேன்.

அங்கே ஒரு செவலைக் குதிரை. அதன் சொந்தக்காரி ஒரு பெங்களூர் அம்மா; மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உடம்புக்கு முடியாமல் ஒரு வருடம் வரவே இல்லை. செவலையும் நின்று தின்று உருண்டை ஆகிவிட்டது. உடம்பு தேறி வந்ததும் மேடத்துக்கு ஒரு ஆசை. அதன்மேல் ஏறி, கெலமங்கலம் தாண்டி மலையடிவாரம் வரை போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் திரும்பி வரவேண்டும்.

குதிரைகளைப் பழக்குகிற பாய் உடனே சம்மதிக்கவில்லை. "ரெண்டு மாசம் டைம் குடுங்க மேடம். இப்ப ஏறுனா அதுக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும் மூச்சு வாங்கும்."

மேடம் சிரித்துவிட்டார். "நனகெ கொத்து பாய், தெரியும். முதல்ல அதை ரெடி பண்ணுங்க, அப்புறம் என்னை."

முதல் இரண்டு வாரம் வெறும் நடைதான். கயிற்றைப் பிடித்து ரோட்டோரமாக நடத்திப் போகும் வேலை எனக்கு வந்தது. ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "என்னா ஆயா, குதிரை வந்துருச்சு, மாப்பிள்ளை எங்க?" என்பார்கள். நான் தலையைத் தூக்காமல் போய்விடுவேன். அப்புறம் மேடம் ஏறி மெதுவான ஓட்டம், அதற்கப்புறம் மேடு ஏறுவது என்று ஒவ்வொன்றாகக் கூட்டினார் பாய். வந்து நின்றதும் அதன் தாடைக்கு அடியில் விரல் வைத்து, வாட்சைப் பார்த்து நாடி எண்ணுவார். கொஞ்ச நேரத்தில் துடிப்பு இறங்கினால்தான் மறுநாள் வேலையைக் கூட்டுவார்.

செவலையின் வயிறு உள்ளே போனது. விலா லேசாகத் தெரிந்தது. பாய்க்கும் மேடத்துக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் போகவேண்டிய ஜீவன் இப்படி இளைத்தால் எப்படி? அதிலும் ஞாயிற்றுக்கிழமை செவலைக்கு லீவு. அன்றைக்கு அளக்கிற டப்பாவில் பாதிதான் தானியம் போடவேண்டும், மற்றதெல்லாம் புல் என்று பாய் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் நேர் எதிர். ஏர் பூட்டாத நாளில்தான் எருதுக்குக் கொள்ளு கூடுதலாக வைப்போம். நிற்கிற நாளில் தின்றால்தான் உழுகிற நாளில் இழுக்கும் என்பது எங்கள் கணக்கு. ஏன் பாதி என்று பாயிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வீட்டில் கொள்ளு வேகவைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, தூக்குவாளியில் கொண்டுபோய் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வைத்தேன். செவலை வாளியை நக்கியே சுத்தம் செய்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குச் சோறு போட்ட மாதிரி நிறைவாக வீட்டுக்குப் போனேன்.

திங்கள் காலை மேடம் ஏறிப் போனார். கேட்டைத் தாண்டி ரொம்ப தூரம்கூட இல்லை, செவலை நின்றுவிட்டது. வேர்வை ஆறாக ஓடுகிறது. பின்னங்கால் இரண்டும் கட்டை மாதிரி விறைத்திருக்கிறது. மேடம் குதித்து இறங்கி, "ஏனாயித்து பாய், என்ன ஆச்சு?" என்று கத்தினார். எப்படியோ உள்ளே கொண்டுவந்தார்கள்.

பாய் டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் அந்தப் பக்கம் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. பாய் சொன்ன பதில்தான் கேட்டது. "இல்ல சார், நேத்து பாதிதான். லீவு நாள்ல அதிகமா போட்டா என்னா ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் வயிற்றுவலியாக இருக்கும், நான் வரும்வரை மெதுவாக நடத்துங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாய் கயிற்றைப் பிடித்து இழுத்தார். செவலை ஒரு அடி வைத்தது. உடம்பெல்லாம் நடுங்கியது. இன்னொரு அடி. நான் பின்னால் போய் அதன் தொடையில் கை வைத்தேன். சதை கருங்கல்லாக இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் வரவில்லை. முந்தானையைக் கசக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கும் லாயத்துக்கும் நடக்கிறேன், திரும்பி வருகிறேன். சொன்னால் வேலை போகும். மேடம் முன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்? அந்தச் சமயம் செவலை ஒன்றுக்குப் போனது. கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"நடத்தாதீங்க பாய்! நான்தான் கொள்ளு வச்சேன். ரெண்டு வேளை. ஒரு தூக்குவாளி நிறைய!"

பாய் கயிற்றை அப்படியே தளர்த்திவிட்டார். "பெரியம்மா, இது என்ன உங்க ஊட்டு எருதா?" என்று மட்டும் கேட்டார். மறுபடி டாக்டருக்குப் போன் போனது. ஒரு அடிகூட நகர்த்தக்கூடாது என்று பதில் வந்தது.

டாக்டர் வந்து ஊசி போட்டு, பாட்டில் ஏற்றினார். சும்மா நின்ற நாளில் தானியம் அதிகமாகத் தின்ற குதிரையை மறுநாள் வேலை வாங்கினால் சதை இப்படிப் பூட்டிக்கொள்ளுமாம். "இன்னும் நாலு சுத்து நடத்தியிருந்தா படுத்திருக்கும்மா. கிட்னியும் போயிருக்கும். நல்லவேளை சொன்னீங்க" என்றார். நல்லவேளை என்ற சொல்லைக் கேட்க எனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

மேடம் என்னைத் திட்டவில்லை. லாயத்து வாசலில் உட்கார்ந்து அழுதார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். பாய் மூன்று நாள் என்னிடம் பேசவே இல்லை. வேலையை விட்டு நிற்கச் சொல்வார் என்று காலையில் ஒரு பயம், மாலையில் ஒரு பயம். வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் செவலையின் தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலாம் நாள் சதை இளகியது. அன்றைக்குத்தான் பாய் வாயைத் திறந்தார்.

"ஞாயித்துக்கிழமை தீனிய இனிமே நீங்க தொட வேணாம். நானே வந்து போட்டுக்கறேன்."

ஒரு மாதம் போல ஓய்வு கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். மறுபடி வெறும் நடை. பாய் கயிற்றை என் பக்கம் நீட்டி, "பிடிங்க பெரியம்மா, ரோட்டுல கூட்டம் வர்றதுக்குள்ள போய்ட்டு வாங்க" என்றார். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

பனிக்காலத்தில் மேடம் பயணம் போனார். இரண்டு நாளும் நான் கேட்டுக்கும் லாயத்துக்கும் நடந்தது அந்த மலையடிவாரத்துக்கே போய் வந்த தூரம் இருக்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் செவலை காதை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தது. பாய் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேடத்தோடு வந்த பெங்களூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"எவ்வளவு போடட்டும் பாய்?"

"இன்னைக்கு வெறும் புல்லு. நாளைக்கும் அதான்."

"ஏன்?" என்றேன்.

பாய் என் கையிலிருந்து டப்பாவை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு மேடத்தையும் காத்திருக்க வைத்துவிட்டு, ஏன் என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார்.

என் கூச்சம் இந்த வயதுக்குமேல் போகப் போவதில்லை. ஆனால் கேட்க வெட்கப்பட்டு நான் மூடிய வாய்க்கு வாயில்லாத ஒரு ஜீவன் வலியில் நின்றதே என்ற நினைப்பு, அந்தக் கூச்சத்தைவிடக் கனமாக இன்றும் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.